இடது கார்னர்

கையா சார்? இடிச்சாலும் பரவாயில்ல, நீங்க வசதியா உக்காருங்க. கட்டுப் போட்டு ஒரு மாசம் ஆச்சு. இப்ப வலி இல்ல. நீங்க எதுவரைக்கும்? திருநெல்வேலியா? நான் கோவில்பட்டி. என் வீட்டுக்காரி பூரணி அங்க அவ அம்மா வீட்ல இருக்கா. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா போயிருக்கா. மூணு வாரமா.

இந்தக் கை எப்படிப் போச்சுன்னு கேட்டா எல்லாரும் ஆட்டத்துல போச்சும்பாங்க. அது பொய் சார். தவசின்னு ஒருத்தன். அவனாலதான் போச்சு. அவனைப் பத்தி யார்ட்ட வேணா கேளுங்க, தங்கமான பையன்னு சொல்லுவாங்க. நானும் சொல்லுவேன். தங்கமான ஆள்தான். அதுதான் எனக்குப் பிரச்சினையே.

டிவியில கபடி பாத்திருப்பீங்கல்ல? அப்ப என்னையும் பாத்திருப்பீங்க. மூஞ்சி ஞாபகம் இருக்காது. கபடி கபடின்னு பாடி வர்றவன் மூஞ்சியத்தான் காட்டுவான். அவன் காலை ரெண்டு கை பிடிச்சிருக்கும் பாருங்க, அந்தக் கை நான். பேரு இசக்கிராஜா. இடது கார்னர். ஏழு பேர் நிக்கிறதுல இடது பக்கம் கடைசி மூலை. பாடி வர்றவன் எங்க பக்கத்துக் கோட்டைத் தொடப் போடுவான்ல ஒரு கால், அந்தக் காலை நான் குனிஞ்சு கணுக்கால்ல பிடிக்கணும். பிடிச்சா எங்களுக்கு ஒரு பாயிண்ட். விட்டா நான் வெளிய. அவ்வளவுதான் என் தொழில். பதினோரு வருசம் பிடிச்சிருக்கேன் சார்.

மே, ஜூன் மாசம் எங்களுக்கு ஆட்டம் கிடையாது. ஆட்டம் இல்லைன்னா லீவுன்னு நினைக்கிறாங்க. அப்பத்தான் சார் உண்மையான சண்டையே. செங்கல்பட்டு தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜ். பசங்க லீவுக்குப் போனதும் அந்த ஹாஸ்டலை எங்க டீமுக்கு வாடகைக்கு எடுத்துருவாங்க. காலையில அஞ்சரைக்கு மைதானம், சாயங்காலம் ரப்பர் மேட்ல ஆட்டம். கேட்டைத் தாண்ட முடியாது. ஞாயித்துக்கிழமை மட்டும் வீட்டு ஆளுங்க வந்து பாக்கலாம். கிட்டத்தட்ட ஜெயில்தான். என்ன, ஜெயில்ல இருக்கிறவன் எப்ப வெளிய அனுப்புவாங்கன்னு பயப்பட மாட்டான். நாங்க அதுக்குத்தான் பயப்படுவோம்.

போன சீசன்ல எங்க டீம் கடைசிக்கு முந்தின இடம். எல்லா டீமும் எங்க இடது பக்கமாவே பாடி பாயிண்ட் எடுத்தான். என் பக்கம். நான் என்ன பண்ணுவேன், எனக்குப் பக்கத்துல நின்ன கவர் ஆள் சரியில்ல. அதை யார் கேக்கறா? இந்த வருசம் முதல் நாளே எங்க கோச் கோதண்டம் சார் எல்லாரையும் உக்கார வச்சுச் சொல்லிட்டாரு: "இடது கார்னர் ஒரு இடம். இசக்கி இருக்கான், புதுசா தவசிலிங்கம் வந்திருக்கான். ஜூன் கடைசியில ஒருத்தன்தான் மேட்ல நிப்பான். போன வருசம் என்ன பண்ணினான்னு நான் பாக்க மாட்டேன்."

சொல்லிட்டு எங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டாரு சார். வேணும்னே போட்டாரா, ரூம் இல்லாம போட்டாரா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

தவசி ஒட்டன்சத்திரம் பக்கம். இருபத்தாறு வயசு. எனக்கு முப்பத்திரெண்டு. வந்த அன்னைக்கே என் பெட்டியைத் தூக்கி மேல வச்சான், ஃபேனுக்குக் கீழ இருக்கிற கட்டிலை எனக்கு விட்டான். "அண்ணே, நீங்க பிடிச்சதை எல்லாம் செல்போன்ல போட்டுப் போட்டுப் பாத்துத்தான் நான் கத்துக்கிட்டேன்"னான். எனக்கு எப்படி இருக்கும்? என்கிட்ட கத்துக்கிட்டதை வச்சே என் இடத்துக்கு வந்து நிக்கறான். அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்றான்.

சரி, கைக்கு வர்றேன்.

போன சீசன் நடுவுலயே இந்தத் தோள்பட்டை ஒருதரம் இறங்கிருச்சு. மூட்டு நழுவி, கை தனியாத் தொங்குச்சு. நான் யார்ட்டயும் சொல்லல. பாத்ரூமுக்குப் போய்க் கதவுக் கைப்பிடியைப் பிடிச்சு இழுத்து நானே ஏத்திக்கிட்டேன். டாக்டர்ட்ட போனா ஸ்கேன் எடுப்பாரு, ஸ்கேன் எடுத்தா ஆபரேஷன்பாரு, ஆபரேஷன்னா ஒரு வருசம் உக்காரணும். முப்பத்திரெண்டு வயசுல ஒரு வருசம் உக்காந்தவன் மறுபடி எந்திரிச்சதை நான் பாத்ததில்ல. பூரணிக்குக்கூடத் தெரியாது. ஊர்ல எங்க தெருமுனையில எனக்கு ஃபிளெக்ஸ் வச்சிருக்கான் சார், ஒரு ஆள் உயரத்துக்கு. அதை நினைச்சேன்.

கேம்ப்ல ரெண்டாவது வாரம். மதியம், சாப்பாட்டுக்கு முன்னாடி. பாத்ரூம்ல தலைக்கு எண்ணெய் தேய்க்கக் கையைத் தூக்கினேன். இறங்கிருச்சு. கதவைப் பிடிச்சு இழுத்துப் பாத்தேன். குழாயைப் பிடிச்சு இழுத்துப் பாத்தேன். ஏறல. கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வருது. கத்தவும் முடியாது, கத்தினா எங்க உடம்பைப் பாத்துக்கிற பிசியோ வந்துருவாரு. அப்பத்தான் தவசி கதவைத் தட்டுறான். "அண்ணே? ரொம்ப நேரமா உள்ள இருக்கீங்களே?"

தொறந்தேன். பாத்தான். என்னைத் தரையில படுக்க வச்சான், எதிர்ல உக்காந்தான், என் மணிக்கட்டைப் பிடிச்சு மெதுவா, மெதுவா இழுத்தான். "மூச்சை விடுங்கண்ணே, மூச்சை விடுங்க"ன்னு சொல்லிக்கிட்டே. டக்குனு ஒரு சத்தம். ஏறிருச்சு. நான் அழுதுட்டேன். வலியில.

அவன் துண்டை எடுத்து என் மூஞ்சியைத் துடைச்சுட்டு, "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேண்ணே"ன்னான்.

நான் கேக்கவே இல்லை சார் சொல்லாதன்னு. அவனா சொன்னான். அந்த நிமிசமே நான் மாட்டிக்கிட்டேன். யோசிச்சுப் பாருங்க. என் இடத்துக்குப் போட்டிக்கு நிக்கிறவன் கையில என் உயிர் இருக்கு. அவன் கோதண்டம் சார்ட்ட ஒரு வார்த்தை பேசினாப் போதும். ரெண்டு பேரும் மைதான ஓரத்துல நின்னு பேசிக்கிட்டிருந்தா நான் தண்ணி பாட்டில் எடுக்கிற சாக்குல கிட்டப் போய் நிப்பேன். என்னடா பேசினீங்கன்னு கேட்டா, "ஷூ சைஸ் கேட்டாருண்ணே"ம்பான். நம்புறதா வேண்டாமா?

அதுக்கப்புறம் தினமும் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு எனக்கு அவன்தான் தோள்ல டேப் சுத்திவிட்டான். பிசியோட்ட போனா கேள்வி வரும்ல. பனியனுக்கு உள்ள வெளிய தெரியாம சுத்துவான். அவ்வளவு நேர்த்தி. டேப் அவன் காசு. சுத்தி முடிச்சுட்டு, "இன்னைக்கு வலது கையால பிடிங்கண்ணே, இடதை சும்மா சேத்துக்கோங்க"ம்பான். நாப்பது நாள் சார். ஒருநாள்கூட சொல்லிக் காட்டல. சொல்லிக் காட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டு திட்டியிருப்பேன், சரியாப் போயிருக்கும். திட்டவும் முடியல, அவன் இல்லாம மேட்ல இறங்கவும் முடியல. சாயங்காலம் அதே ஆள் எதிர்ல நின்னு என்னைவிட ரெண்டு பிடி கூடப் பிடிப்பான். கோதண்டம் சார் நோட்டுல எழுதிக்குவாரு. நான் பாத்துக்கிட்டு நிப்பேன்.

அவனுக்கும் ஒரு குறை இருந்துச்சு. எடை. எங்க லீக்ல எண்பத்தஞ்சு கிலோவைத் தாண்டினா ஆட முடியாது. தவசி வரும்போது எண்பத்தெட்டு. ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுட்டான். வெள்ளரிக்காயும் ரெண்டு முட்டையும்தான். மழைக்கோட்டை மாட்டிக்கிட்டு மே மாச வெயில்ல ஓடுவான். வேர்வை கோட்டுக்குள்ள இருந்து சொட்டுச் சொட்டா வடியும். ஜூன் பாதியில எண்பத்தஞ்சுக்கு வந்துட்டான். எண்பத்தஞ்சுன்னா எண்பத்தஞ்சேதான், அங்க இங்க நூறு கிராம். ஜூன் மூணாவது திங்கக்கிழமை லீக் ஆளுங்க வந்து எடை பாக்குறாங்க. அன்னைக்குத் தேறினவன் பேர்தான் லிஸ்ட்ல போகும்.

அதுக்கு முதல் நாள் ஞாயித்துக்கிழமை. பூரணி வந்தா.

நான் வரச் சொல்லல. சரி, வரச் சொன்னேன். ஆனா அவளைப் பாத்து ஒரு மாசம் ஆச்சேன்னுதான் சொன்னேன். ஏதாவது செஞ்சு எடுத்துட்டு வா, இங்க ஹாஸ்டல் சாப்பாட்டுல நாக்கு செத்துப்போச்சு, தவசிக்கும் சேத்துச் செய், பாவம், பையன் காஞ்சு கெடக்கான்னேன். இதுல என்ன தப்பு இருக்கு? மெட்ராஸ்ல அவ சித்தி வீட்டுக்கு முதல் நாளே வந்து, விடியக்காலை எந்திரிச்சு செஞ்சு கொண்டாந்தா. கறிக்குழம்பு, ஈரல் வறுவல், சீரகச் சம்பா சோறு. ஊர்ல இருந்து உப்புக்கண்டம் வேற, உப்புப் போட்டுக் காயவச்ச கறி, கொண்டுவந்து எண்ணெயில பொரிச்சிருந்தா. எங்க ஊரு உப்புக்கண்டம் நீங்க சாப்பிட்டதில்லையே? ஒரு துண்டு சாப்பிட்டா ஒரு சொம்பு தண்ணி வேணும்.

தவசி முதல்ல வரவே மாட்டேன்னுட்டான். "நாளைக்கு எடை இருக்குண்ணே"ன்னு என் காதுல சொன்னான். நான், "ஒரு வாய்டா. நாலு மணிக்கு எந்திரிச்சு செஞ்சிருக்கா. நீ தொடலைன்னா அழுதுருவா"ன்னேன். பூரணி அழுற ஆளே இல்ல சார். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

மரத்தடியில பாய் விரிச்சு உக்காந்தோம். பூரணி பக்கத்துல உக்காந்து போட்டா. எங்க பக்கத்துப் பொம்பளைங்களைத் தெரியும்ல, தட்டு காலியாக விட மாட்டாங்க. அவன், "போதும் மதினி, போதும் மதினி"ங்கறான், இவ, "வளர்ற உடம்பு, சாப்பிடுங்க தம்பி"ங்கறா. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு, நிசமாச் சொல்றேன். அவன் நல்லாச் சாப்பிட்டான். சாயங்காலம் பூராத் தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்தான். பாட்டில் காலியானா நான்தான் ரொப்பி வச்சேன். தாகத்துக்குத் தண்ணி குடுக்குறது பாவமா?

காலையில எடை மெஷின்ல ஏறினான். எண்பத்தஞ்சு புள்ளி எட்டு.

கோதண்டம் சார் நோட்டை மூடிட்டாரு. லீக் ஆள்தான், "நாலு மணி வரைக்கும் டைம் தர்றோம், குறைச்சுட்டு வாங்க"ன்னாரு. பத்து மணி வெயில்ல மழைக்கோட்டை மாட்டிக்கிட்டு தவசி ஓட ஆரம்பிச்சான். பச்சைத் தண்ணி தொடல. ஓடுறான், ஓடுறான். நான் ரூம் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இறங்கிப் போய், போதும்டான்னு சொல்லணும்னு நினைச்சேன். சொன்னா அவன் வாய்ப்பைக் கெடுத்தேன்னு ஆயிரும்ல? அதான் போகல. பன்னெண்டரை மணிக்கு கான்டீன் முன்னாடி விழுந்துட்டான். கோட்டைக் கிழிச்சு எடுத்தாங்க. உள்ள வேர்வையே இல்லையாம், உடம்பு அனலாக் கொதிச்சதாம். நாலு நாள் ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏறிச்சு.

லிஸ்ட்ல இடது கார்னர் இசக்கிராஜான்னு போச்சு. அவன் பேர் உபரி ஆளுங்க வரிசையில, அடுத்த எடைக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு.

ஜெயிச்சுட்டேன்னு நினைக்கிறீங்கல்ல? ஊர்ல ஃபோன் பண்ணிச் சொன்னேன். வெடி போட்டாங்களாம். மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு உக்காந்திருக்கேன். டேப் சுத்த ஆள் இல்ல.

நானே பல்லால கடிச்சு, ஒரு கையால சுத்திப் பாத்தேன். நிக்கல. பிசியோட்ட போக முடியாது. உடம்பு சரியில்லைன்னு படுக்க முடியாது, இடது கார்னர்னு இப்ப நான் ஒருத்தன்தான். முன்னாடி ரெண்டு பேர் இருந்தோம், பாதி நேரம் அவன் நிப்பான், கைக்கு ஓய்வு கிடைக்கும். இப்ப முழு நேரமும் நான். வேற வழியே இல்ல சார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரு.

ஜூன் கடைசியில பெங்களூர் பக்கத்து டீம் ஒண்ணு வந்துச்சு, பயிற்சி மேட்ச். எங்க முதலாளிங்க எல்லாம் வந்து நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. தவசியும் டிஸ்சார்ஜ் ஆகி வந்து ஓரத்துல உக்காந்திருக்கான், கன்னம் ஒட்டிப்போய். மேட்ல ஏறும்போது கூப்பிட்டான். "அண்ணே, டேப் யாரு சுத்தினா? லூசா இருக்கு. வாங்க, ரெண்டு நிமிசம்"னான். அத்தனை பேர் பாக்குறாங்க. "வேலையைப் பாருடா"ன்னுட்டுப் போயிட்டேன்.

முதல் பாதியில ரெண்டு பிடி பிடிச்சேன். ரெண்டாவது பாதியில ஒருத்தன் வந்தான், தடியன், தொடை என் இடுப்பு அளவு. கோட்டைத் தொடக் காலை நீட்டினான். நான் விழுந்து பிடிச்சேன். கவர் ஆள் வந்து அவனை மேல அமுக்கணும், வரல. அவன் என்னை இழுத்துக்கிட்டே நடுக்கோட்டுக்குப் போறான். தோள் இறங்குது, தெரியுது. இறங்கினதோட நிக்கல, உள்ள என்னமோ துணி கிழியிற மாதிரி கிழியுது. நான் விடல சார். கவர் ஆள் வந்து சேர்ற வரைக்கும் விடல. பாயிண்ட் எங்களுக்கு. அதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது. பாயிண்ட் வந்துச்சு.

ஸ்கேன் பாத்த டாக்டர், "இது புதுசு இல்ல, பழைய கிழிசல். பத்து மாசம் இருக்கும்"னுட்டாரு. கோதண்டம் சார் வார்டுக்கு வந்தாரு. பூரணியும் பக்கத்துல நிக்கிறா, தவசியும் நிக்கிறான். சார் என்னைப் பாக்கல. தவசியைத்தான் கேட்டாரு.

"ஒரே ரூம்ல இருந்தியே, உனக்குத் தெரியாதா?"

தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம் சார். ஒரு வார்த்தை. அவன், "தெரியும் சார்"ங்கறான்! என்னை மாட்டிவிட்டுட்டான் பாருங்க.

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல? நீ சொல்லியிருந்தா இடம் உனக்கு. அவன் கையும் தப்பியிருக்கும்."

சாருக்குக் கோபம் தாங்கல. "நீயும் சரியில்ல. எடைக்கு முதல் நாள் உன்னை விருந்து சாப்பிடச் சொன்னது யாரு? எவன்டா உனக்கு எலை போட்டான்?"ன்னு கத்தினாரு. தவசி அதுக்கு மட்டும் வாயே தொறக்கல.

பூரணி என்னைப் பாத்தா.

எல்லாரும் போனப்புறம் கேட்டா. "மறுநாள் எடை பாக்குறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அதுக்காக ஒரு மனுசன் சாப்பிடாம இருக்க முடியுமா?"ன்னேன்.

"நான் மூணு தடவைதான் சோறு வச்சேன். அப்புறம் கை கழுவக் குழாய்க்குப் போனேன். திரும்பி வந்தப்ப தட்டுல மறுபடியும் சோறு இருந்துச்சு, உப்புக்கண்டம் அத்தனையும் அவர் தட்டுல இருந்துச்சு. யார் வச்சது?"

அதை நான் உங்ககிட்ட சொல்லலல்ல? சின்ன விசயம், விட்டுப்போச்சு. நான்தான் வச்சேன். மிச்சம் கெடந்துச்சு, வச்சேன்.

அவ கத்தல சார். கத்தியிருந்தா பரவாயில்ல. "ஒருத்தரைக் கவுக்கறதுக்கு என்னை நாலு மணிக்கு எழுப்பிச் சமைக்க வச்சிட்டீங்களே"ன்னா. அவ்வளவுதான். ஆபரேஷன் முடியிற வரைக்கும் கூட இருந்தா, மாத்திரை எடுத்துக் குடுத்தா, தலை சீவிவிட்டா. டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கு கோவில்பட்டி பஸ் ஏறிட்டா. போறதுக்கு முன்னாடி தவசி கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டாளாம். அவன், "எனக்கு அளவு தெரியாதா மதினி? அண்ணன் வைக்கும்போதே தெரிஞ்சுச்சு. வேண்டாம்னு சொன்னா உங்க முன்னாடி அவருக்கு அசிங்கமாயிருமேன்னு சாப்பிட்டேன்"னானாம். அவளே ஃபோன்ல சொன்னா. எவ்வளவு அழுத்தம் பாருங்க அவனுக்கு. தெரிஞ்சே சாப்பிட்டிருக்கான்!

இப்ப அவன்தான் இடது கார்னர். எடை எண்பத்திநாலரை. நான் என்ன ஆனேன்னு கேளுங்க. ஒப்பந்தம் சீசன் முடியிற வரைக்கும். ஆடவும் முடியாது, அவங்க விடவும் மாட்டாங்க. விளையாட்டுக் கோட்டாவுல ஒரு ஆபீஸ் வேலை இருக்கு, அங்க போய் உக்காரலாம்னா அதுவும் முடியாது. ஊர் ஊராக் கூட்டிட்டுப் போறாங்க. டீம் சட்டையை மாட்டிக்கிட்டு, கையைத் தொங்கவிட்டுக்கிட்டு ஓரத்துல உக்காரணும். போன சனிக்கிழமை முதல் மேட்ச். தவசி அஞ்சு பிடி பிடிச்சான். ஒவ்வொரு பிடிக்கும் கேமராக்காரன் என்கிட்ட ஓடி வர்றான், மூஞ்சிக்கு நேரா வைக்கிறான். பதினோரு வருசம் காட்டாத மூஞ்சியை இப்பக் காட்டுறான். நான் என்ன பண்ணுவேன்? ஒரு கையால தொடையைத் தட்டிக்கிட்டு சிரிச்சேன். மேட்ச் முடிஞ்சதும் தவசி நேரா என்கிட்டதான் வந்தான். "மூணாவது பிடியில கால் தப்பா வச்சுட்டேன்லண்ணே?"ன்னு கேக்கறான். ஆமான்னேன். தப்பே இல்ல சார். அருமையான பிடி.

மூணு நாள் லீவு குடுத்திருக்காங்க. வியாழக்கிழமை திரும்பணும். இந்த பஸ்ல வர்றேன்னு பூரணிக்கு மெசேஜ் போட்டிருக்கேன். பதில் இல்ல. வர மாட்டா. நானே வீட்டுக்குப் போய், நிதானமா உக்கார வச்சு, நடந்ததை எல்லாம் உங்களுக்குச் சொன்ன மாதிரி வரிசையாச் சொன்னா அவளுக்குப் புரியும். புரியும்ல சார்? நீங்க கேட்டீங்கல்ல, உங்களுக்கு என்ன தோணுது? பரவாயில்ல, விடுங்க.

கோவில்பட்டி வந்துருச்சு போல. கொஞ்சம் காலை மடக்குங்க சார், பையை எடுத்துக்கறேன்.

இருங்க. இருங்க. உக்காருங்க.

வந்திருக்கா சார். அந்தப் பழக்கடைப் பக்கத்துல, பச்சைச் சேலை. வெயில்ல நிக்கிறா பாருங்க, குடைகூட இல்லாம. ஒவ்வொரு ஜன்னலாப் பாக்குறா. நீங்க இந்தப் பக்கம் கொஞ்சம் சாஞ்சு உக்காருங்களேன், மறைச்சாப்புல. கண்டக்டர் கேட்டா நான் திருநெல்வேலி வரைக்கும் வர்றேன், மிச்ச டிக்கெட் எடுத்துக்கறேன். சொல்லாதீங்க சார். ஒண்ணும் சொல்லாதீங்க. அவ வர மாட்டான்னுதானே வந்தேன். இவ வந்து நிப்பான்னு தெரிஞ்சா வேற மாதிரி யோசிச்சுட்டு வந்திருப்பேன்.

கிளம்பிருச்சா? இன்னும் நிக்கிறாளா? பாக்கல நான். நீங்க பாத்துச் சொல்லுங்க.

ஃபோன் அடிக்குது. அவதான். ரெண்டு தடவை அடிச்சு நிக்கும் பாருங்க... நிக்கல. சார், ஒரு உதவி. எனக்காக நீங்க எடுத்துப் பேசுங்க. இவர் நல்லாத் தூங்கிட்டாரும்மா, கோவில்பட்டி போனதே தெரியலன்னு சொல்லுங்க. நீங்க பெரியவர், நீங்க சொன்னா நம்புவா. ரெண்டே வார்த்தைதான் சார். இந்தாங்க.